ஏழாவது டொக்

ஏற்காட்டில் டப்பா டீச்சர் கை வைத்து, சத்தம் கொடுக்காமல் தப்பித்த பொருள் எதுவுமே கிடையாது. பெயின்ட் டின், எஸ்டேட் வாளி, தலைமையாசிரியர் மேஜை எல்லாம் அடி வாங்கியவைதான். ஒருநாள் பிள்ளைகளுக்குத் தாளம் காட்ட, நின்றிருந்த பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். கண்டக்டர் ரைட் கொடுத்துவிட்டார் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். டீக்கடையில் இருந்த நிஜக் கண்டக்டர், கையில் பாதி டீயோடு மாரமங்கலம் ரோட்டில் பின்னாலேயே ஓடினார்.

இவரிடம்தான் இரண்டாம் வகுப்பில் என் மகள் கயல் மாட்டினாள். பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு எண், டீச்சர் எண்ணிக்கொண்டே போக, தன் எண் வரும்போது மட்டும் டிபன் பாக்ஸில் ஒரு தட்டு. கயல் ஏழு. ஆனால் மூன்றிலேயே தட்டிவிடுவாள்.

"தட்டறது யாரு வேணாலும் தட்டுவாங்க கண்ணு. சும்மா இருக்கறதுதான் நொம்பக் கஷ்டம். உன்ற முறை வர்ற வரைக்கும் கம்முனு இரு சாமி" என்பார் டீச்சர்.

வீட்டில் தட்டு, சொம்பு, என் முதுகு என்று அவள் பழகியதில் எனக்கு மண்டை காய்ந்தது. நேரே சண்டைக்குப் போனேன்.

"ஏனுங்க டீச்சர், பள்ளிக்கூடம் நடத்தறீங்களா, பாத்திரக்கடை நடத்தறீங்களா?"

"உங்க ஊட்டுச் சொம்புல நல்ல நாதம் வருதுன்னு கயலு சொன்னாளுங்க. நாளைக்குக் குடுத்து உடுங்க."

கொடுப்பேனா? மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பிள்ளைகளைச் சேர்வராயன் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். திரும்பும்போது மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. தலையைத் தொட்டு எண்ணினால் பதினொன்று. கயல் இல்லை. ஒரு பக்கம் பள்ளம் வேறு. "கயலு! கயலு!" என்று கத்தினேன். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

"செத்த நேரம் கம்முனு இருங்க. எல்லாரும் கத்துனா அவ குரல் எப்படிங்க கேக்கும்? டிபன் பாக்ஸை எடுங்க சாமிங்களா. ஒண்ணு!" என்று எண்ண ஆரம்பித்தார் டீச்சர்.

டொக். டொக். ஆறுவரை வந்தது. ஏழில் ஒன்றுமில்லை. எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, மறுபடி ஒன்று. மூன்றாம் சுற்றில், சரியாக ஏழில், மேலே இடப்பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு டொக்.

டீச்சர் சுற்றை விடவே இல்லை. ஒவ்வொரு ஏழுக்கும் நான் பத்தடி ஏறினேன். ஒரு பாறைக்குப் பின்னால், மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"நான் கத்துனது யாருக்குமே கேக்கலம்மா. ஆனா நடுவுல ஒருக்காகூடத் தட்டல. டீச்சர்கிட்டச் சொல்லும்மா!"

அவளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்ததும் டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சொம்பைப் புளி போட்டுத் துலக்கி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றும் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது அது அடிவாங்கும் சத்தம் கேட்கும். இன்னும் நல்லா நசுங்கட்டும் என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.