மருதஞ்சேனைக் குளத்தின் மூச்சு

உலகில் அணை கட்டத் தொடங்கிய நாள்முதல் மனிதகுலம் கேட்கத் தவறிய மாபெரும் கேள்வி, கல்முனைக்கு மேற்கே மருதஞ்சேனைக் குளக்கட்டில்தான் முதன்முதலாகக் கேட்கப்பட்டது: இந்தக் குளம் ஒரு நாளைக்கு எவ்வளவு மூச்சு விடுகிறது?

கேட்டவர் கலாநிதி பவிதரன். குழந்தையிலேயே நோர்வேக்குப் போய், பதினேழு நாடுகளின் நீர்மின் அணைகளை முகர்ந்து பார்த்த பெருமகன். நீருக்கடியில் அழுகும் மரஞ்செடி மீத்தேனாகக் குமிழிவிட்டு வானத்தைச் சூடாக்குகிறது என்று அவர் விளக்க, முகைதீன்பாவா பயபக்தியுடன் கேட்டுக்கொண்டிருந்தார். முகைதீன்பாவா வட்டைவிதானை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது அவர் பொறுப்பு. அறுநூறு ஏக்கர் நெல் வேளாண்மை குடலைப் பருவத்தில், கதிர் தள்ளக் காத்து நின்றது. அதில் ஐந்து ஏக்கர் அவருடையது.

குளத்தில் புதிதாகப் பூட்டிய மின்பிறப்பாக்கிக்குத் 'தூய மின்சாரம்' என்ற சர்வதேசச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்காக இருபது பிளாஸ்டிக் பேசின்களைத் தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்டிருந்தார்கள். அவற்றுள் சேரும் வாயுவை அளக்கும் பதினெட்டு நாளும் நீர்மட்டம் அசையக் கூடாது. மின்சாரம் தூய்மையானதா என்று அறிய மின்சாரத்தையே நிறுத்தினார்கள். மதகையும் மூடவேண்டும். 'மக்கள் பங்கேற்பு' இல்லாமல் இக்காலத்தில் எதையும் மூடுவதில்லை என்பதால் கூட்டம் வைத்தார்கள்.

நாற்பத்திரண்டு விவசாயிகள் வந்து, இரண்டு மணிநேரம் திரையில் குமிழி பார்த்தார்கள். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட, றவூப் மௌலவி வழக்கம்போல் இறைவனிடம் வேண்டும் துஆ ஓதிக் கூட்டத்தை முடிக்கத் தொடங்கினார். அதே கணத்தில் கலாநிதி, அவசரத்தில் ஆங்கிலத்துக்குத் தாவி, மதகு மூடும் தீர்மானத்தை முன்மொழிந்தார். சபை முழுவதும் இரு கைகளையும் ஏந்தியது.

'தீர்மானம் எண்பத்துநான்கு கைகளால் ஏகமனதாக நிறைவேறியது. சிலர் கண்கலங்கினர்' என்றது கூட்டக்குறிப்பு.

மறுநாள் வாய்க்கால் வற்றியது. முகைதீன்பாவா நீர்ப்பாசன அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரி றஸ்மி குறிப்பை எடுத்து நீட்டினார்.

"அது துஆவுக்கு ஏந்தின கை, சேர்."

"எதுக்கு ஏந்தின என்டு எழுத இதில இடமில்ல விதானையார். கை தூக்கின மெய்தானே?"

"ஓம்."

"அப்ப சரி. மாத்துறதென்டா அடுத்த கூட்டத்தில மாத்தலாம்."

"அது எப்ப?"

"அறுவடைக்குப் பிறகு."

வீட்டில் மனைவி சுஹறா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாள்.

"அந்த துஆவில என்னத்தக் கேட்டீங்க?"

"தண்ணிதான்."

பத்தாம் நாள் அவர் குளக்கட்டுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். நிபுணர்களின் மூன்று வாகனங்களும் குளிரூட்டிக்காக எஞ்சின் ஓடியபடி நின்றன. அந்தப் புகை ஆய்வின் வரையறைக்குள் வராதாம். மதகு திறந்தால் 'தரவு' பாழாகிவிடும் என்றார் கலாநிதி, உண்மையான வருத்தத்துடன்.

பதினெட்டாம் நாள் தரவு பத்திரமாக இருந்தது. கதிர்கள் வெள்ளையாக, பால் பிடிக்காமல் செத்து நின்றன.

பாராட்டு விழாவுக்குக் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். குளத்தின் மூச்சு அளவோடுதான் இருக்கிறதாம். கூடவே எதிர்பாராத சாதனையொன்றும் நிகழ்ந்திருந்தது. கலாநிதி குரல் தழுதழுக்க அறிக்கையை வாசித்தார்: நெல்வயலும் மீத்தேன் விடும், ஆனால் ஆய்வுக் காலத்தில் மருதஞ்சேனை வயல்களின் மூச்சு முற்றாக நின்றுவிட்டது. விவசாயிகளின் இந்தத் தியாகம் உலகுக்கே முன்மாதிரி.

முகைதீன்பாவாவுக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை கதைக்கும்படி ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"வயல் மூச்சு விடல்ல என்டு சொன்னீங்க. மெய்தான் சேர். மௌத்தானது மூச்சு விடாது," என்றார். "கழுத்தப் புடிச்சது ஆரு என்டும் அந்த அறிக்கையில ஒரு வரி எழுதிடுங்க."