இன்னொருக்கா சாரும் நஞ்சில்லாத தேனும்

சேர்வராயன் மலையிலேயே நாற்காலியோடு சம்பந்தமில்லாத ஒரே மனிதர் எங்கள் ‘இன்னொருக்கா’ சார்தான். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில், ஒரு மாடியில் இருக்கும் தேன் பரிசோதனைக்கூடத்தில் அவர் பரிசோதிப்பவர், நான் ரிப்போர்ட் அடிப்பவன். மெஷின் ஒரு தேனைப் பார்த்து முடிக்க அரை மணி நேரமாகும். அதற்குள் சார் மாடிப்படியை முப்பது தடவை ஏறி இறங்கியிருப்பார். ரிசல்ட்டைப் பார்த்ததும், “இன்னொருக்கா ஓட்டிப் பாத்துரலாங்க” என்று மறுபடி ஆரம்பிப்பார். கல்யாணத்தன்றே தாலி கட்டி முடித்துவிட்டு, “இன்னொருக்கா கட்டட்டுங்களா?” என்று ஐயரிடம் கேட்டாராம். நான் நம்புகிறேன்.

போன வருஷம் கரடியூரிலிருந்து மேரி அக்கா ஒரு பாட்டிலோடு வந்தார். மாசமாயிருக்கும் மகளுக்குத் தினமும் ஒரு ஸ்பூன் கொடுத்த தேன் அது. காட்டில் கிலுகிலுப்பை பூத்துக் கிடக்கிறது, அந்தச் செடியின் நஞ்சு தேனில் இறங்கினால் ஈரல் கெடும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

“ஏனுங்க சார், எம்புள்ளைக்கு நானே வெசத்தக் குடுத்துப்போட்டனுங்களா?”

“பாத்தாத்தானுங்க தெரியும். பொறுங்க” என்றார் சார். அவர் பொறுக்கவில்லை, பாட்டிலோடு ஓடினார்.

முதலில் நஞ்சில்லாத தேன் ஒன்றை ஓட்டுவது வழக்கம். மெஷின் திரையில் வரையும் கோடு சமமாக வந்தால்தான் மெஷின் சுத்தம் என்று அர்த்தம். அன்று அந்தத் தேனிலேயே, கிலுகிலுப்பை நஞ்சு தெரியவேண்டிய இடத்தில் கோடு மேடாக எழும்பியது. மெஷினைக் கழுவினார். மேடு. குழாயை மாற்றினார். மறுபடி மேடு. மூன்று நாள் இதே கூத்து. மேரி அக்கா தினமும் பஸ் ஏறி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அக்கா தேன ஓட்டித் தொலைங்க சார்.”

“அழுக்கு மெஷின்ல பாத்துப்போட்டு அந்தம்மாகிட்ட என்னன்னுங்க சொல்றது?”

“அந்த நல்ல தேன் எங்க வாங்குனதுங்க?” என்றேன்.

“பழசு தீந்துபோச்சுங்க. இது எங்க ஊட்டுத் தேன்பெட்டியில எடுத்தது.”

“உங்க ஊட்டச் சுத்தி என்னங்க பூத்திருக்குது?”

சார் நின்றார். அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“கிலுகிலுப்பைங்க. மஞ்சளா நொம்ப அழகா இருந்துச்சுன்னு நாந்தான் நட்டேன்.”

ஊரார் தேனையெல்லாம் இரண்டிரண்டு தடவை பார்த்தவர், சொந்தத் தேனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெறும் தண்ணீரை ஓட்டினார், கோடு சமம். அக்காவின் தேனை ஓட்டினார், சமம். மறுபடி ஓட்டினார், அப்போதும் சமம். நஞ்சிருந்தால் மெஷின் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அவர் வீட்டுத் தேனே சாட்சி.

“உங்க தேன்ல அந்த வெசம் இல்லீங்க அக்கா.”

அக்கா அழுதார். கண்ணைத் துடைத்த கையோடு கேட்டார்: “அப்ப உங்க ஊட்டுத் தேன நீங்க தின்னீங்களா சார்?”

“இந்த மாசம் பூரா இட்லிக்கு அதுதானுங்க.”

மறுநாளே அவரைச் சேலத்துக்கு இழுத்துப்போய் ரத்தம் எடுக்க வைத்தேன். ஈரலில் கோளாறில்லை என்று தாள் வந்தது. அவரிடம் கொடுக்குமுன் அதை மூன்று தடவை படித்தேன். அந்த மனுஷன் இல்லாத மாடியை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.