காற்றைத் தோற்கடித்த கோப்பு

அடித்துச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. உத்தரகோசமங்கைக் கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். உள்ளங்கை சுட்டுவிட்டால் அது சூடத்தின் குற்றம்.

எங்கள் ஊர் மிளகாய் விவசாயி இருளாண்டியின் மகள் துர்காதேவி, வூஷூ வீராங்கனை. வூஷூ என்பது சீனத்துச் சண்டைக்கலை. ஆளோடு ஆள் மோதுகிற பிரிவும் அதில் உண்டு. இவள் எடுத்தது மற்றது. மெல்லிய வாளோடு தனியாக இறங்கி, பாய்ந்து, அந்தரத்தில் சுழன்று, கால் தடுமாறாமல் வந்து நிற்க வேண்டும். நடுவர்கள் மார்க் போடுவார்கள். பயிற்சியெல்லாம் அப்பன் மிளகாய் காயவைக்கும் களத்தில்தான். அவள் ஒரு சுற்றுச் சுற்றினால் நெடி கிளம்பி, சாயல்குடி பஸ்ஸில் போகிறவர்கள்வரை தும்முவார்கள்.

மாநிலத்தில் முதலாவதாக வந்தாள். தேசியப் போட்டிக்குப் போக, மாவட்ட வீரதீர ஊக்குவிப்பு அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சனிக்கிழமை ரயில். கடிதம் கிடைக்காவிட்டால் இரண்டாவதாக வந்த பெண் போய்விடுவாள். துணைக்கு இருளாண்டி போனார். பேச்சுக்கு நான் போனேன்.

கண்காணிப்பாளர் பாண்டித்துரை விண்ணப்பத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தோற்றவர் பெயர்ங்கிற இடம் காலியா இருக்கே?"

"இதுல தோக்குறதுக்கு ஆள் கிடையாது சார். தனியாச் செய்யிறது."

"எதிர்ல யாரும் இல்லாம ஜெயிச்சா அது வெற்றி இல்லம்மா. நடமாட்டம்."

"மெடல் குடுத்திருக்காக சார்."

"நடமாட்டத்துக்குக் குடுத்திருப்பாக. வாளை எது மேல வீசுன?"

"காத்துலதான் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று எழுதினார். தோற்றவர்: காற்று. தகப்பன் பெயர்: தெரியவில்லை. நிலையான முகவரி: இல்லை.

"இனி தோத்தவுக சம்மதக் கையெழுத்து வேணும். எதிர்த்தரப்ப விசாரிக்காம வெற்றிய உறுதி செய்ய விதியில இடமில்ல. தபால் அனுப்புறேன்."

"காத்துக்குத் தபால எங்கன அனுப்புவீக?" என்றார் இருளாண்டி.

"தனுஷ்கோடிக்கு. கடைசியா அங்கன பாத்ததாச் சொல்றாக."

தபால் திரும்பி வந்தது: 'விலாசதாரர் வெளியே சென்றிருக்கிறார்.' அதற்குள் வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. மறுபடி போய் நின்றோம்.

துர்காதேவி பவ்யமாகக் கேட்டாள். "விசாரணை முடியிறதுக்கு முன்னாடி எதிர்த்தரப்பு வந்து அதிகாரியத் தனியாச் சந்திக்கலாமா சார்?"

"கூடவே கூடாது. பாரபட்சம்னு ஆயிரும்."

"அப்ப இவுக மட்டும் காலையில இருந்து உங்க தலைக்கு மேலயே நிக்கிறாகளே?" என்று மின்விசிறியைக் காட்டினாள்.

பாண்டித்துரை நேர்மையானவர். அதை மறைக்க நான் யார்? உடனே மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். சித்திரை வெயில். பொறுக்கமாட்டாமல் கோப்பை எடுத்து விசிறினார்.

"சார், ஆவணத்த எதிர்த்தரப்புக்குக் காட்டுறீக."

கோப்பைக் கீழே வைத்தார். சற்று நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த தலைவர்களுக்கே வியர்த்தது. தட்டச்சர் சோணையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "சார், விதி பெருசா, எங்க உசுரு பெருசா?" என்றார். இதற்கும் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வராதவுகளுக்காகப் பிரதிநிதி கைநாட்டு வைக்கலாம்," என்று கண்டுபிடித்தார் பாண்டித்துரை.

அப்போது அங்கே இருந்த, பெயர் சொல்ல விரும்பாத பெரியவர் ஒருவர் காற்றின் சார்பில் பெருவிரலை வைத்தார்.

பிறகு சாட்சிகள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர் படம் ஃப்ளெக்ஸ் பேனரில் வரும் என்று ஊருக்கு ஒரு போன்தான் போட்டேன். ஊரே வேன் பிடித்து வந்து, காற்று தோற்றதைக் கண்ணால் கண்டதாகக் கையெழுத்துப் போட்டது. ஆணை பிறந்தது: 'மாரியூர் முதல் மண்டபம் வரையிலான கரையோரக் காற்று முழுமையாகத் தோற்கடிக்கப்பட்டது.'

துர்காதேவி ரயில் ஏறினாள். வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினாள். பனைமர உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் ஊரில் உள்ள எல்லா முகமும் இருந்தது. மூலையில், தீப்பெட்டி அளவில், துர்காதேவியும் இருந்தாள்.

ஐப்பசியில் புயல் வந்தது. முதலில் ஃப்ளெக்ஸ் போனது. பின்னாலேயே கூரைகள் போயின. நிவாரணம் கேட்டு ஊர் தாலுகா அலுவலகத்துக்குத் திரண்டு போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர், சிறப்பான பணிக்காகப் பதவி உயர்வு பெற்று வந்திருந்த பாண்டித்துரை.

"காத்துதான் தோத்துப்போச்சே? நீங்கதான சாட்சி! தோத்தது எப்படி அடிக்கும்?"

"அப்ப எங்க கூரையெல்லாம் எங்க சார் போச்சு?"

பாண்டித்துரை நிதானமாகப் பேனாவைத் திறந்தார். "எதிர்ல யாரும் இல்லாமப் போயிருக்கு. இது சேதம் இல்ல. கூரைகளோட நடமாட்டம்."

வேண்டுமானால் காற்றின் பிரதிநிதியிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்றும் வழி சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அந்தப் பெருவிரலை ஊர் தேடிக்கொண்டிருக்கிறது. துர்காதேவிக்கும் அவள் அப்பனுக்கும் தெரியும், நல்ல மனிதர்கள், வாய் திறக்கமாட்டார்கள். நீங்களும் யார் சொன்னதென்று மூச்சு விடாதீர்கள். என் கட்டைவிரலில் இருக்கிற கட்டு, மிளகாய்க்குக் காம்பு கிள்ளியபோது பட்ட காயத்துக்குப் போட்டது.