கெட்டில் பாயின் பத்தாயம்

தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த வீட்டுப் பத்தாயத்தைத் திறந்தாலும் உள்ளே நெல் இருக்கும், இல்லாவிட்டால் எலி இருக்கும். கெட்டில் பாய் வீட்டுப் பத்தாயத்துக்குள் மட்டும் கெட்டில் பாய் இருப்பார். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். பல ஊர்த் தண்ணீர் குடித்தவன் நான். இப்படி ஓர் ஆளை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

கூத்தாநல்லூருக்கு நான் போனது அரிசி ஆலையில் மூட்டை தூக்க. போன ஒரே வாரத்தில் ஆலையை மூடிவிட்டார்கள். நெல்லை யாரும் பதுக்கக் கூடாது என்று அரசாங்கம் வீடு வீடாகச் சோதனை போட்ட காலம் அது. இரண்டு நாள் பட்டினியோடு தெருவில் நடந்தவனை ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, ரம்பம் புடிக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். தெரியாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு, பசி வந்தால் எல்லா வேலையும் தெரியும்.

கூப்பிட்டவர்தான் கெட்டில் பாய். பினாங்கில் இருபத்திரண்டு வருஷம் ஒரு டீக்கடையில் இருந்துவிட்டு, பெரிய பித்தளைக் கெட்டில் ஒன்றோடு ஊர் திரும்பியவர். அவர் மனைவியை நான் மாமி என்பேன். மாமி சொல்வார்: "கப்பலேறிப் போறப்ப இந்த மனுசன் புத்தியோடதான் போனாரு. வர்றப்ப அத வச்சிட்டு கெட்டிலத் தூக்கிட்டு வந்துட்டாரு."

பாய்க்கு ஒரே ஒரு ஆசை. "இருவத்திரண்டு வருசம் நின்னுகிட்டே அடுத்தவனுக்கு ஊத்துனேன் தம்பி. இனிமே உக்காந்து குடிக்கணும்." அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், கூடத்தில் காலியாகக் கிடந்த அவருடைய அத்தா காலத்துப் பத்தாயம். பலாப்பலகையில் செய்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். கூடம் பெரிதாகத்தானே இருக்கிறது, அங்கே உட்காரலாமே என்று கேட்டேன். "பினாங்குல என் ரூமு இதவிடச் சின்னது. பெரிய எடத்துல எனக்கு டீ எறங்காது" என்றார்.

அறுத்தோம். குனிந்து நுழைய ஒரு கதவு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல், ஆவி போக மேலே ஒரு துளை. எதிரெதிரே இரண்டு பலகை. மூலையில் மணல் தட்டு, அதன்மேல் மண்ணெண்ணெய் அடுப்பு. அலமாரியில் டீத்தூள், காப்பித்தூள், சுக்கு, கொத்தமல்லி, பனங்கற்கண்டு. ஆணியில் நாலு கிளாஸ். நாலு பேர் முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்காரலாம். ஐந்தாவது ஆளுக்கு மூச்சு விடவும் இடமில்லை. நெல் சரிவதற்காக அடியில் இருந்த சதுர ஓட்டையை மட்டும் அப்படியே விட்டோம்.

"வீட்டக் கொளுத்திட்டுத்தான் மறுவேல" என்று மாமி ஒரு வாரம் வாசலிலேயே தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் பாய் ஒரு சுக்குக் காப்பியை ஓட்டை வழியாக நீட்டினார். அன்றைக்கே குடம் கிணற்றடிக்குப் போய்விட்டது.

உள்ளே சட்டம் உண்டு. முதல் கிளாஸ் முடியும்வரை பேசக் கூடாது. இரண்டாவது கிளாசுக்குத்தான் பேச்சு. சண்டையும் போடலாம், ஆனால் கையை ஓங்க முடியாது. ஓங்கினால் நாலு மடியிலும் கொதிக்கிற டீ.

பாயின் மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் வீரையன். அவர் அப்பா காலத்திலிருந்து அதே நிலம். முதல்முறை பத்தாயத்துக்குள் நுழைந்தவர் ஆணியைப் பார்த்து, "இதுல எனக்கு எந்த கிளாசு மொதலாளி?" என்று கேட்டார். கடைத்தெரு டீக்கடையில் அவருக்கென்று தனி கிளாஸ், வெளியே கம்பத்தில் தொங்கும். "கையில எது ஆப்புடுதோ அது" என்றார் பாய்.

அந்த வருஷம்தான் குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் சும்மா வெளியேற்ற முடியாது. அதனால் ஏறுவதற்குள் வெளியேற்றிவிட வேண்டும் என்று ஊர் ஊராக நிலக்காரர்கள் ஓடினார்கள். பாய் ஓடவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய மச்சான், மாமியின் அண்ணன், ஓடினார். மரவாடி வைத்திருந்தவர், தேக்கு உருட்டிவிட்டது போன்ற உடம்பு. நிலத்துக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டார்.

ஒரு காலையில் வெள்ளைத்தாளும் மைப்பெட்டியுமாக வந்து நின்றார். பத்தாயத்துக்குள் பாய், வீரையன், நான்.

"மச்சான், இந்த வெறுந்தாள்ல அவன் கைநாட்ட வாங்குங்க. மேல என்ன எழுதணுமோ நான் எழுதிக்கிறேன்."

வீரையன் கிளாசைக் கீழே வைத்தார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"உள்ள வந்து பேசுங்க மச்சான்" என்றார் பாய்.

மச்சான் தலையை நுழைத்தார். தோளை நுழைத்தார். வயிறு வரவில்லை. பின்வாங்க முயன்றார், அதுவும் வரவில்லை. மாமி வெளியிலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்து மீட்டார். பிறகு மச்சான் தரையில் படுத்துக்கொண்டு, நெல் ஓட்டையில் வாயை வைத்து வாதாடினார். "நெலம் போயிடும் மச்சான். அப்பறம் இந்த டப்பாவுக்குள்ளதான் குடித்தனம்." தாளையும் மைப்பெட்டியையும் ஓட்டை வழியாகத் தள்ளினார். பாய் பதிலுக்கு ஒரு டீயைத் தள்ளினார். "ஆறுறதுக்குள்ள குடிங்க."

அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது. பாய் பதுக்கிய நெல்லைப் பத்தாயத்துக்குள்ளேயே வைத்து அவிக்கிறார், தினமும் ஆவி வருகிறது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒல்லி. சுலபமாக நுழைந்து, நாலாவது இடத்தில் உட்கார்ந்து, பலகைக்கு அடியில் துழாவினார். இஞ்சி அகப்பட்டது.

"நெல்லு எங்க பாய்?"

பாய் வாயில் விரலை வைத்து, ஒரு சுக்குக் காப்பியை நீட்டினார். மனுஷருக்கு மூக்கு அடைத்திருந்தது. குடித்தார். மூக்கு திறந்தது. இரண்டாவது கிளாசை அவரே கேட்டார்.

பேசலாம் என்று ஆகிவிட்டது. "சார், வீரையன் பேரு பதிவுல ஏறணும். என்ன செய்யணும்?" என்றார் பாய்.

"வேணாம்னு சொல்லத்தான் நெலக்காரங்க என்னத் தேடி வருவாங்க. நீங்க நெசமாத்தான் கேக்குறீங்களா? ஒரு தாள்ல ஒப்புதல் எழுதிக் குடுங்க. சேர்க்க வேண்டிய எடத்துல நான் சேர்க்கிறேன்."

தாள் இருந்தது. இன்ஸ்பெக்டரை விட்டால் என் கையெழுத்துதான் சுமாராக இருக்கும் என்று பாய் முடிவு செய்தார். பிழையோடு எழுதினேன். இன்ஸ்பெக்டர் திருத்தினார். பாய்க்குத் தன் பெயரை மட்டும் அழகாக எழுத வரும். ஆனாலும் மைப்பெட்டியைத் திறந்து, கட்டைவிரலை அழுத்திக் கைநாட்டும் வைத்தார். "மச்சான் காசு போட்டு வாங்கியாந்தது, வீணாப் போவக் கூடாது."

ஓட்டை வழியாக ஒரு காலி கிளாஸ் உள்ளே வந்தது. "சீனி பத்தல" என்றார் மச்சான்.

நான் ஓர் இடத்தில் தங்குகிறவன் இல்லை. அறுவடைக்கு முன்பே பட்டுக்கோட்டைக்குத் தேங்காய் உரிக்கப் போய்விட்டேன். அப்புறம் எங்கெங்கோ. பாய் காலமான சேதி ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது.

ஒரு மழை நாளில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமி பத்தாயத்தைக் காட்டினார். மேல் துளையில் ஆவி. உள்ளே வீரையன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மச்சான். சர்க்கரை வியாதியில் பாதியாக இளைத்து, இப்போது கதவுக்குள் நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தார். வீரையன் ஆணியிலிருந்து ஒரு கிளாசை எடுத்து எனக்கு ஊற்றினார். முதல் கிளாஸ் என்பதால் யாரும் பேசவில்லை.

நாலு பேர் இடத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். ஒருவரும் காலை நீட்டிக்கொள்ளவில்லை.