பார்க்க வந்தவர்கள் சொன்னது

அக்டோபர் முடிவதற்குள் இந்த வீட்டை விற்றே தீருவது என்று செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டிறைச்சி ரோஸ்டுக்கும் ஆப்பிள் பைக்கும் நடுவில் நான் முடிவெடுத்தேன். முடிவெடுத்ததோடு நிற்காமல் வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். அதுதான் வினை.

காரணம் வேல்ஸ் கடற்கரையில் இருந்தது. மாடியில்லாத வீடு, நாலே அறை, வாசலில் இறங்கினால் கடல். படகு கட்ட ஒரு கம்பம்கூட நட்டு வைத்திருந்தார்கள். அதன் சொந்தக்காரர் பிரிச்சர்ட் என்ற கிழவர், அக்டோபர் கடைசி வரை எனக்காக வைத்திருப்பதாகக் கை குலுக்கிச் சொல்லியிருந்தார். அதற்குள் என் வீட்டுக்கு ஆள் கிடைக்காவிட்டால், செஸ்டரிலிருந்து ஒரு பல் டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், அவருக்குக் கொடுத்துவிடுவாராம்.

ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் கால அட்டவணை போட்டவன் நான். ஊரில் எல்லோரும் எங்கெங்கோ போக நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் நாற்காலியைவிட்டு நகரவில்லை. மிச்ச நாளையாவது கடலைப் பார்த்துக்கொண்டு கழிக்கவேண்டும் என்று அப்படி ஒரு தவிப்பு எனக்கு. அந்தப் பல் டாக்டரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கனவில் அவன் என் கம்பத்தில் படகு கட்டினான்.

என் மனைவி பெரில், உருளைக்கிழங்கின் மேல் கிரேவியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "சரி நார்மன், உன் இஷ்டம்."

கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே உஷாராகியிருப்பான். நான் இன்னொரு துண்டு பை கேட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள் முகத்துக்கு நேரே ஒரு குறை சொல்ல மாட்டார்கள். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும், "அருமை, நல்ல காற்றோட்டம்" என்பார்கள். வெளியே போனபிறகுதான் ஏஜென்ட்டிடம் மனசில் இருப்பதைக் கொட்டுவார்கள். ஏஜென்ட் அதைச் சர்க்கரை தடவி நமக்கு போனில் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாய்த்த ஏஜென்ட் கீலி என்ற இளம்பெண். ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவாள். அந்த நேரம் நான் என் காய்கறிப் பாத்தியில் லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பேன். போனை எடுப்பது பெரில்.

முதலில் வந்தவர்கள் ஒரு வாத்தியார் தம்பதி. நானே சுற்றிக் காட்டினேன். ஏழு நிறுத்தம், இருபத்திரண்டு நிமிஷம், எந்த அறையில் எத்தனை நிமிஷம் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தேன். அவர்கள் படுக்கையறை ஜன்னலருகே நின்றுவிட்டபோது, அடுத்த நிறுத்தத்துக்கு இரண்டு நிமிஷம் தாமதமாகிறது என்று மரியாதையாக எடுத்துச் சொன்னேன். போகும்போது இருவரும் அருமை, அருமை என்றார்கள். நான் அன்று மாலையே தூண்டிலுக்கு எண்ணெய் போட்டேன்.

செவ்வாய் மதியம் பாத்தியிலிருந்து திரும்பினேன். பெரில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னாங்களாம்?"

"வீடெல்லாம் சரியாம். அந்தப் பச்சைக் குளியல் தொட்டிதான்... அதுல உட்கார்ந்தா தவளை ஆன மாதிரி இருக்கும்னு அந்தம்மா சொன்னாங்களாம்."

நான் ஆடிப்போனேன். பார்க்க வந்தவள் தொட்டிக்குள் ஏன் உட்கார்ந்து பார்த்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே பிளம்பரை இழுத்துவந்து, வெள்ளைத் தொட்டி போட்டேன். முப்பது வருஷமாகப் பெரில் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். அப்போதெல்லாம் எனக்குக் காது கேட்டதில்லை.

இரண்டாவதாக ஒரு விதவை அம்மாளும் அவள் மகளும் வந்தார்கள். அருமை என்று மூன்று தடவை சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைச் செய்தி: சமையலறைக் கதவு முனகுகிறதாம், வீட்டுக்கு மூட்டுவலியா என்று கேட்டார்களாம். கதவைக் கழற்றி இழைத்துப் புதுக் கீல் போட்டேன். கூடவே, மாடிப்படிச் சுவர் நிறம் வயிற்றைக் கலக்குகிறதாம். வண்ணம் அடித்தேன். என் கணக்கில் பதினாறு நாள் பாக்கி. முதுகு நிமிரவில்லை. ராப்பகலாகப் பிரிச்சர்ட் கிழவரின் கம்பம் கண்ணுக்கு முன்னால் நின்றது. பெரில் புதுத் தொட்டியில் ஒரு மணி நேரம் ஊறிவிட்டு வந்து, "கவலைப்படாதே நார்மன், நல்லது நடக்கும்" என்று தேற்றினாள். எவ்வளவு நல்ல மனசு என்று உருகினேன்.

மூன்றாவதாக வந்தவர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற ஓர் ஒல்லியான மனிதர். பாவம், கண்ணாடியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு தடவை, கோட் மாட்டும் ஸ்டாண்டில் ஒரு தடவை முட்டிக்கொண்டார். ஸ்டாண்டிடம் மன்னிப்பும் கேட்டார். அவரைக் கையைப் பிடித்து நான்தான் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

செவ்வாய் மதியம் பெரில் சொன்னாள்: "படி ஏறும்போது உங்கம்மா படம் முறைக்குதாம். அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சாம்."

"யாருக்கு?"

"அந்தத் தபால்காரருக்குத்தான்."

"கோட் ஸ்டாண்டை மனுஷன்னு நினைச்சவருக்கு, எங்கம்மா முறைக்கிறது தெரிஞ்சுதா?"

பெரில் டீக்குக் கெட்டிலைப் போட்டாள். எங்கள் வீட்டில் பதில் இல்லாதபோது கெட்டில் கொதிக்கும்.

 தொட்டி, கதவு, சுவர், இப்போது அம்மா. எல்லாமே பெரிலின் பழைய புகார்கள். அம்மா படத்தை எடுக்கச்சொல்லி கல்யாணமான மறுவாரமே அவள் கேட்டிருக்கிறாள். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே ஏஜென்ட் ஆபீசுக்கு நடந்தேன். என் மனைவி என்னைக் கடலுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறாள் என்ற கோபம், காது மடல்வரை சுட்டது.

கீலி என்னைக் கண்டதும் வெளுத்துப் போனாள். பார்க்க வந்தவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள், அப்படியே படித்துக் காட்டு என்றேன்.

"வேணாம் சார். உங்க வீட்டம்மாகிட்ட வாராவாரம் சொல்லிட்டேன். அவங்களே உங்ககிட்டப் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னாங்க."

"படிம்மா."

அவள் கணினியைப் பார்த்து, குரலை இறக்கிப் படித்தாள். வாத்தியார் தம்பதி: வீடு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் அந்தக் கணவரும் வீட்டோடு சேர்த்தியா? விதவை அம்மாள்: போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்தார், நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டபிறகும் வெளியே நின்றபடி தண்ணீர்த் தொட்டியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரர்: பாய்லர் பற்றிப் பதினேழு நிமிஷம் கேட்டேன், கண்ணாடி இல்லாதது அதிர்ஷ்டம், காது இருந்ததுதான் துரதிர்ஷ்டம்.

"பச்சைத் தொட்டி பத்தி ஒண்ணும் இல்லையா?" என்றேன். 

"பச்சைத் தொட்டி ரொம்ப அழகுன்னு எழுதியிருக்காங்க சார்."

வீட்டுக்கு வந்த வழி எனக்கு நினைவில்லை. பெரில் என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன்னாலதான் வீடு விலை போகலைன்னு உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? மனசு ஒடிஞ்சு போயிருப்ப. அதுக்குப் பதிலா தொட்டி மேல பழியைப் போட்டேன். தொட்டியாவது மாறிச்சே."

கோபப்பட வந்தவன் நான். அதற்கு இடமே வைக்காமல் பேசிவிட்டாள். அவமானம் ஒருபக்கம், அவள் மறைத்த கனிவு ஒருபக்கம், நடுவில் ஒன்பது நாள்தான் பாக்கி. கடைசியில் மிடுக்காக ஒரு உத்தரவு போட்டேன்.

"இனிமே இந்த வீட்டைப் பத்தி யார்கிட்டயும் ஒரு பொய் சொல்லக்கூடாது. எங்கிட்டயும் சரி, பார்க்க வர்றவங்ககிட்டயும் சரி. உண்மை மட்டும்."

"சத்தியமா," என்றாள். காலரை மடித்து வைத்தாள்.

கடைசிச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஓர் இளம் தம்பதி வருவதாக இருந்தது. இனி என்னிடமே நேராகச் சொல் என்று கீலியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நோயே நான்தான் என்று தெரிந்தபிறகு, மருந்தும் தெரிந்துவிட்டது. பத்தேமுக்காலுக்கே வீட்டைவிட்டு வெளியேறி, எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். மழை பக்கவாட்டில் அடித்தது. மூன்று பஸ் வந்து நின்று, என்னை ஏறச்சொல்லிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றுமே தாமதம். நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

அரை மணியாயிற்று. யாரும் வெளியே வரவில்லை. பிடிக்காத வீட்டில் ஆறு நிமிஷத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. முக்கால் மணியில் சமையலறை ஜன்னலில் மூன்று தலை தெரிந்தது. கேக் சாப்பிடுகிறார்கள்.  ஒரு மணி பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அந்தப் பெண் வாசலில் நின்று பெரிலைக் கட்டிக்கொண்டாள். யார்க்‌ஷயரில் முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொள்வது லேசுப்பட்ட விஷயமில்லை. என் சொந்தத் தங்கை கல்யாணத்தன்று எனக்குக் கைதான் கொடுத்தாள்.

ஓடினேன். அருமை என்றார்களா என்று கேட்டேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். வேறு என்ன கேட்டார்கள்? குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்கவேண்டும் என்று கேட்டார்களாம்.

அது போதும். குப்பை நாளைக் கேட்டவன் வீட்டை வாங்கிவிட்டான் என்று அர்த்தம். அன்றே பிரிச்சர்ட் கிழவருக்கு போன் போட்டு, பல் டாக்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். செவ்வாய்க்குள் உறுதியாகத் தெரியவேண்டும் என்றார் அவர். செவ்வாயே அதிகம் என்றேன்.

செவ்வாய் பத்து மணிக்கு லீக்ஸை அதன் விதிக்கு விட்டுவிட்டு, போன் பக்கத்திலேயே நின்றேன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"வீடு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார்," என்றாள் கீலி. "வெள்ளைத் தொட்டி, புதுப் பெயின்ட், எல்லாமே. உங்களைப் பத்தி ஒரு குறையும் இல்லை இந்தத் தடவை."

"அப்போ எப்ப கையெழுத்து?"

"வாங்கலையாம் சார்."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"உங்க வீட்டம்மா சமையலறை ஜன்னல்கிட்ட நின்னு ஏதோ சொன்னாங்களாம். அந்தப் பொண்ணு கார்ல வீடு போற வரைக்கும் அழுதுக்கிட்டே போனாளாம். இவ்வளவு பிரியமா இருக்கிறவங்களை வெளிய அனுப்பிட்டு அங்க போய்ப் படுத்தா எங்களுக்குத் தூக்கம் வராது, அது மரியாதையில்லைன்னு எழுதியிருக்காங்க."

போனை வைத்தேன். பெரில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ சொல்லச் சொன்ன உண்மையைத்தான். இந்த ஜன்னல்ல நின்னுதான் தினமும் ஆறு பத்து பஸ்ஸைப் பார்ப்பேன், நீ இறங்கினதும் அடுப்பைப் பத்தவைப்பேன்னு சொன்னேன். இந்த இடத்தை விட்டுட்டு எனக்குக் கடலும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பார்க்க வந்தவங்கதானே கேட்டாங்க? நீ எங்க கேட்டே?"

 போய் அந்த ஜன்னலருகே நின்றேன். அத்தனை வருஷமும் பஸ்ஸைவிட்டு இறங்குகையில் நான் பார்த்ததெல்லாம் என் கைக்கடிகாரத்தைத்தான். பிரிச்சர்டுக்கு போன் செய்து சொன்னேன். பல் டாக்டர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தானாம்.

சாயங்காலம் முன்தோட்டத்துக்குப் போய், 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகையை நானே ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. காலால் மண்ணைத் தள்ளி மூடப்போனேன். சமையலறை ஜன்னல் திறந்தது.

"அதை மூடிடாதே நார்மன். அந்த இடத்துல ஒரு ரோஜா இருந்தா நல்லாருக்கும்னு, பார்க்க வந்தவங்க சொன்னாங்க."

நான் மண்வெட்டி எடுத்துவரப் போனேன்.