மாஹேக்காரருக்கு நெஞ்சு வலிக்கும் வரை

அரசாங்கச் செலவில் ஆபரேஷன் கேட்கிற இதயம், முதலில் தான் எந்தப் பிராந்தியத்து இதயம் என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. புதுச்சேரிப் பிராந்தியத்துக் கனகசெட்டிக்குளம் முருகையனின் இதயத்துக்கு இந்த ஒழுங்கெல்லாம் எங்கே தெரியும்? படகு தள்ளப்போன மனுஷனை மணலிலேயே உட்கார வைத்துவிட்டது. மூன்று மாசத்துக்குள் வால்வு மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு அவன் பெண்டாட்டி கமலா டவுனுக்கு பஸ் ஏறினாள். பிராந்திய சமநிலைப் பிரிவின் கண்காணிப்பாளர் ஜானகிராமன் தங்கமான மனுஷர். உட்காரச் சொன்னார், ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். காரியத்தைத் தவிர எல்லாம் செய்தார்.

"போன வருஷம் புதுச்சேரிக்கு நாப்பத்தோரு ஆபரேஷன். காரைக்காலுக்கு ரெண்டு. ஏனாமுக்கு ஒண்ணு. மாஹேக்கு சைபர். இதயத்துல கூடவா ஓரவஞ்சனைன்னு மத்த மூணு ஊர்க்காரங்களும் கேட்டுட்டாங்கம்மா."

"அப்போ அவங்களுக்கும் பண்ணிடுங்க சார்."

"அதான் பண்றோம். இனிமே நாலு பிராந்தியத்துக்கும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல, ஒண்ணொண்ணு. காரைக்கால்ல ஆள் ரெடி. ஏனாம்காரரும் வந்துட்டாரு. மாஹேலதான் இன்னும் யாருக்கும் நெஞ்சு வலிக்கல."

"வலிக்கலன்னா?"

"வலிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். கேரளாவுக்கு நடுவுல இருக்கிற ஊரு, அந்த ஜனங்க வலி வந்தாலும் பக்கத்துல கோழிக்கோட்டுக்குப் போயிடறாங்க. அறுநூறு கிலோமீட்டர் தாண்டி நம்மகிட்ட வரணும்னு தோணுதா பாருங்க. பொறுப்பே கிடையாது."

கமலா கோயிலில் சூடம் ஏற்றினாள். "தாயே, மாஹேல யாருக்காச்சும் வால்வு கெடட்டும். உசுருக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு, பாவி நான் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முருகையனுக்குக் கால் வீங்கியதும் வேண்டுதல் தினமும் நடந்தது. நாக்கைக் கடிப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஜானகிராமனும் சும்மா இருக்கவில்லை. மாஹே பொதுமக்கள் இருதய நோயில் போதிய ஆர்வம் காட்டாதது வருந்தத்தக்கது என்று சுற்றறிக்கை அனுப்பினார். மூன்றாம் மாசக் கடைசியில் அம்மன் கண் திறந்தாள். மாஹேயில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு வால்வு போயிற்று. கோழிக்கோட்டு ஆஸ்பத்திரியில் அவர் மகளே நர்ஸ். மகளோடு பேச்சுவார்த்தை இல்லாததால் மனுஷர் புதுச்சேரிக்கு ரயில் ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை பத்து மணி என்று நாள் குறித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த முருகையனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கமலா கூடவே ஏறினாள்.

காலாப்பட்டில் வண்டி நின்றுவிட்டது. சாலை மறியல். ரோட்டை அடைத்து இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேனரில் முருகையன் மாலையோடு சிரித்தான், கல்யாண போட்டோ. கீழே "முருகையனுக்கு நீதி வழங்கு" என்று எழுதியிருந்தது. மைக் பிடித்திருந்தவன் கமலாவின் கூடப்பிறந்த அண்ணன் கோவிந்தசாமி.

"புதுச்சேரில ஏழு லட்சம் ஜனத்துக்கும் ஒண்ணு, மாஹேல முப்பத்தாறாயிரம் ஜனத்துக்கும் ஒண்ணா? இது நியாயமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கமலா இறங்கி ஓடினாள். "அண்ணா, வழி விடுண்ணா. இன்னிக்கு இவருக்கு ஆபரேஷன்."

கோவிந்தசாமி மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்து நிஜமாகவே அழுதான். மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதாம்மா? இவருக்காகத்தான வெயில்ல கெடக்கறோம். ஆனா இவரே போய் அந்த ஒண்ணுல படுத்துக்கிட்டா, நாம ஒண்ணுக்கு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? கலெக்டர் வந்து புதுச்சேரிக்கு மட்டும் நாலுன்னு எழுதிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் மாப்ள கொஞ்சம் தாங்கிக்கட்டும்."

கமலாவின் செல் அடித்தது. ஜானகிராமன். "எங்கம்மா இருக்கீங்க? நீங்க வராம சமநிலை வராது. மத்த மூணு பேரையும் தியேட்டர் வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கோம்."

அவள் பதில் சொல்வதற்குள் கூட்டம் ஆம்புலன்சைச் சூழ்ந்துகொண்டது. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, தலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள் என்று யாரோ கேட்டார்கள். முருகையன் எப்படியோ முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கிக் காட்டினான்.

எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. வழியை யாரும் விடவில்லை.