சூடைக்குச் சிவப்பு விளக்கு

என் மூக்கு வேலை நிறுத்தம் செய்துவிட்ட விஷயத்தை என் மனைவி அறியக்கூடாது என்று முடிவெடுத்தேன். உயிர் உள்ளவரை.

காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது மணம் பிடிக்கும் சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோற்றில் ஊற்றும் ஆணமும் சுடுதண்ணீரும் எனக்கு ஒன்றாகிப்போயின. அத்தர் பூசியது தெரியாமல் திரும்பத் திரும்பப் பூசியதில், பள்ளிவாசலில் எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் தும்மியது. தனியே இருக்கும்போது, இனி எந்த மணமும் திரும்பாதோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் போனேன். வீடு ஜெஸீமாவுடையது. வளவும் ஜெஸீமாவுடையது. வளவில் நிற்கும் தென்னைகூட அவளைக் கேட்டுத்தான் காய்க்கிறது. எனக்கென்று மிஞ்சிய ஒரே அதிகாரம், விடியக் கடற்கரைக்குப் போய் மீன் பார்த்து வாங்குவது. மூக்குப் போன கதை தெரிந்தால் அந்த அதிகாரமும் அடுத்த வளவில் இருக்கும் அவளுடைய கூடப்பிறந்த காக்கா பஸாலுக்குப் போய்விடும். என் மச்சான் அதற்காகவே பிறந்தவர்.

அந்த நேரத்தில்தான் கெம்பஸில் படிக்கும் எங்கள் மகள் றிப்னா ஒரு பெட்டியோடு வந்தாள். சவர்க்காரப் பெட்டியளவு. பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, இரண்டு பட்டன்.

"வாப்பா, இது செயற்கை மூக்கு. என்ட கடைசி வருச வேலை. உள்ளுக்கிருக்கிற சிப் மூளை மாதிரி."

"யார்ட மூளை?"

"பொதுவா மனுசர்ட மூளை. ஒரு மணத்தைத் திருப்பித் திருப்பிப் பழக்கினா உள்ளுக்குத் தொடர்பு தடிக்கும். விட்டா மெலிஞ்சு மறந்திரும். முப்பது நாள் மீனுக்குக் கிட்டப் பிடிங்க. நல்ல மீனெண்டா பச்சைப் பட்டன். பழுதெண்டா சிவப்பு. உங்களை மாதிரி மீன் பாக்கிற ஆள் இந்த ஊருல யாரு வாப்பா?"

கடைசி வசனத்தில் கரைந்துபோனேன். முப்பது நாளில் எனக்கொரு புது மூக்கு. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எது நல்லது, எது பழுது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். எனக்கோ மூக்கில்லை.

நான் கணக்கு வாத்தியார். வழி கண்டுபிடித்தேன். மீனைக் குசினி அடுப்படியில் வைத்து, லேஞ்சித் துணிக்குள் ஒளித்த பெட்டியைக் கிட்டப் பிடிப்பேன். ஜெஸீமா மீனை மணந்து பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பட்டனை அமத்துவேன். மூக்கு அவளுடையது, மூளை என்னுடையது என்று எனக்குள் பெருமைப்பட்டேன்.

முதல் நாள் பாரை. மீன்காரன் ஸப்ரி வெட்டித் துண்டு போட்டுக் கொடுத்தது.

"மாஷா அல்லாஹ். நல்ல மீன்."

பச்சை.

இரண்டாம் நாள் விரல் நீளச் சூடை.

"ச்சீ. எங்க கிடந்து எடுத்த நீங்க?"

சிவப்பு.

மூன்றாம் நாள் துண்டு போட்ட அறுக்குளா. பச்சை. நாலாம் நாள் நெத்தலி. சிவப்பு. ஐந்தாம் நாள் திரும்பவும் சூடை. எனக்குச் சூடை என்றால் உயிர்.

"பூனைக்கும் வைக்கேலா இதை."

சிவப்பு. சட்டியோடு அது வேலிக்கு அந்தப் பக்கம் போனது. மனசு நொந்தாலும் விஞ்ஞானத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

முப்பது நாள் முடிந்தது. பெட்டியோடு கடற்கரையில் இறங்கினேன். ஸப்ரியின் சூடைக் கூடைக்கு மேல் பிடித்தேன். சிவப்பு.

"சேர், இப்பதான் வலையால உதறினது. துள்ளுது, பாருங்க."

"பழுதுதான் துள்ளுது."

"அந்தப் பெட்டியை மற்றப் பக்கம் திருப்புங்க சேர். ஆக்கள் பாக்காங்க."

நான் அசையவில்லை. பத்து நாள் பெட்டி சொன்னபடியே பாரையும் அறுக்குளாவும் வாங்கினேன். பதினோராம் நாள் வழமைபோலச் சூடைக் கூடைக்கு மேல் குனிந்தேன். மெல்லியதாக ஏதோ வந்தது. உப்பு. பாசி. ஈர வலை. கடல் மணந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

"என்ன சேர், கண் கலங்குது? அவ்வளவு பழுதா?" என்றான் ஸப்ரி.

குனிந்து பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு. மூக்கோ அருமையான மீன் என்றது. நாற்பது வருடம் மீன் பார்த்த மூக்கை நம்பிச் சூடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

"புள்ள, இது பழுதா?"

ஜெஸீமா மீனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மணக்குதா?"

"மணக்குது."

முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தொழுகைக்கும் கேட்டன். அல்லாஹ் தந்திட்டான்."

"உனக்குத் தெரியுமா?"

"பால் கருகி வீடெல்லாம் நாறுது. நீங்க அடுப்புக்குப் பக்கத்துல இருந்து பேப்பர் படிக்கீங்க. பொஞ்சாதிக்கு இது விளங்காதா?"

"அப்ப நான் கொண்டு வந்த சூடையெல்லாம்?"

"நல்ல சூடை. பஸால் காக்கா வீட்ட துஆச் செஞ்சு சாப்பிட்டாங்க."

எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"பிறகேன் பழுதெண்டாய்?"

"முதல் நாளே லேஞ்சிக்குள்ள எதையோ வெச்சிட்டு என்ட முகத்தைப் பாத்தீங்க. றிப்னாட்டக் கேட்டன். பழக்கினா அது பழகுமெண்டாள். நானும் பழக்கினன். ஒரு சட்டி சூடைக்குச் செதிள் உரிச்சு, குடல் எடுத்து, கழுவி முடிக்க எத்தனை நேரம் போகுமெண்டு தெரியுமா? முள்ளுக் குத்தின விரலைப் பாருங்க."

"அதை என்னட்டயே சொல்லியிருக்கலாமே."

"கலியாணம் முடிச்ச கிழமையில இருந்து சொல்றன். நீங்க கேக்கல்ல. அந்தப் பெட்டி முப்பது நாள்ல கேட்டுட்டு."

அவள் கத்தியையும் சட்டியையும் என் முன்னால் வைத்தாள். குழாயடியில் குந்தினேன். முள் குத்தியது. செதிள் மூக்கில் ஒட்டியது. ஆனாலும் மணந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பாதிச் சட்டி முடியும்போது ஜெஸீமா பெட்டியோடு வந்தாள். சூடைக்குக் கிட்டப் பிடித்துப் பச்சைப் பட்டனை அமத்தினாள். திரும்பவும் அமத்தினாள்.

"என்ன புள்ள செய்றாய்?"

"திருத்திப் பழக்கிறன். நீங்க கழுவுறதெண்டா இனிச் சூடை நல்ல மீன்தான்."